ஒன்பது கிலோ எண்ணூற்று அறுபது கிராம்

ஹேமா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், நான் பின்னால். இரண்டு பேர் துடுப்புப் போட்டுப் போகும் கயாக் படகில் எடை கூடியவர் பின்னால் உட்கார வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் என் முகம் அவளுக்குத் தெரியக்கூடாது என்பதும் ஒரு காரணம். மணி ஏழேகால் இருக்கும். வெயில் இன்னும் தண்ணீருக்குள் இறங்கவில்லை, மேலாகத் தகரம்போலக் கிடக்கிறது. கரைச் சேற்றை ஒரு காலால் உந்திவிட்டு ஏறிக்கொண்டதும் அடித்துணி ஒருமுறை உள்வாங்கி நிமிர்ந்தது, அலுமினியக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசி முனகின, அப்புறம் சத்தமே இல்லை. இந்தச் சத்தமில்லாத ஒரு நிமிஷத்துக்காகத்தான் நானும் என் நண்பன் சற்குணமும் ஆறு வருஷம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தோம். இப்போது அதே அமைதி எனக்கு ஆகவில்லை. யாரோ பேச வாயெடுப்பதற்கு முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. துணிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் என் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே வருகிறது. மரப்படகில் போகிறவனுக்கு இது தெரியாது. எங்கள் படகுக்கு மரமும் இல்லை, பலகையும் இல்லை. குழாய்களை மாட்டி ஒரு எலும்புக்கூடு, அதன்மேல் லாரிக்குப் போர்த்துவதுபோல ஒரு மெலிந்த துணி, அதற்குக் கீழே ஏரி.

"அண்ணா, கால்ல என்னவோ தொடுது," என்றாள் ஹேமா, திரும்பாமல்.

"தண்ணிதான்மா. துணி மெலிசு, அதான்."

"கை மாதிரி இருக்கு."

"ஆமா," என்றேன்.

சற்குணமும் முதல் நாள் இதையேதான் சொன்னான், யாரோ உள்ளங்காலைத் தடவுற மாதிரி இருக்குடா தணிகா என்று, கூச்சத்தில் நெளிந்துகொண்டே. அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. எங்கள் முதல் படகின் துணி அவன் கடையில் மீந்த ஃபிளெக்ஸ் பேனர். அம்பத்தூரில் அவனுக்கு ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை, நான் அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு அச்சு பொருத்துகிற டை ஃபிட்டர். கல்யாண வரவேற்புக்கு அடித்து, பெயரில் எழுத்துப் பிழை என்று திருப்பிக் கொடுத்த பேனர். படகுக்குள் உட்கார்ந்தால் தொடைக்கு நடுவில் மாப்பிள்ளை முகம் சிரிக்கும். அரை மணி நேரத்தில் மாப்பிள்ளையின் கழுத்து வழியாகத் தண்ணீர் கசிந்து ஏறியது. சற்குணம் துடுப்பைப் போட்டுவிட்டு மாப்பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தான். முட்டளவுத் தண்ணீர், இறங்கி நடந்தே கரைக்கு வந்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கும்போது சத்தம் இல்லாமல்தான் வருகிறது. வாய் திறக்கிறது, தோள் குலுங்குகிறது, சத்தம் இல்லை. பதினாலு மாசத்தில் அவன் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது என்று நினைக்கிறேன், அல்லது நான்தான் அதைக் கேட்கப் பயந்து காதை மூடிக்கொள்கிறேனோ என்னவோ.

இதோ, என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் அவன் கையெழுத்து. ஸ்கெட்ச் பேனாவில் 'மு 3' என்று எழுதியிருக்கிறான், முன்பக்கத்திலிருந்து மூன்றாவது சட்டம் என்று அர்த்தம். காய் நறுக்கும் பலகை செய்கிற வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அவன்தான் எல்லாச் சட்டங்களையும் வெட்டினான். இந்த இரட்டைப் படகுக்குச் சட்டம் வெட்டி முடித்த வாரம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் சாக்குக்குள் கட்டி மொட்டைமாடியில் போட்டிருந்தேன். எழுத்தை அழித்துவிடலாம் என்று தின்னர் எடுத்துவந்து, மூடியைத் திறந்து, அந்த வாசனையிலேயே உட்கார்ந்திருந்து, மறுபடி மூடி வைத்த நாட்கள் உண்டு. போன மாதம் ஹேமா வீட்டுக்கு வந்தாள். புருஷன் சற்குணம் போனபிறகு அவள் மீஞ்சூரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். என் மனைவி கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணா, அவரு போன இடத்தை நான் பார்க்கணும்," என்றாள். வலைக்காரர் படகு ஒன்று ஏற்பாடு செய்கிறேன், பத்திரமாகப் போய்வரலாம் என்றேன். "இல்ல, நீங்க ரெண்டு பேரும் செஞ்ச போட்லதான் போகணும்," என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன். சரி என்று சொன்ன வாய் யாருடையது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் படகில் நான்கு காற்றுப் பைகள் வைத்திருக்கிறேன். மூக்கில் இரண்டு, வாலில் இரண்டு. கிளம்புவதற்கு முன் ஏழு முறை கைவிட்டுப் பார்த்தேன். இப்போதும் துடுப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது, சாப்பிட்ட வயிறு மாதிரி இறுக்கமாக இருக்கிறது, கையை எடுத்த உடனே இல்லாமல் போய்விட்டதுபோல் முதுகு குளிர்கிறது. காற்றுப் பை என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சற்குணத்தின் கடையில் பேனர் ஒட்டுகிற சூட்டு மெஷினில் துணியை மடித்து ஒட்டி, ஒரு ரப்பர் குழாய் செருகி, வாயால் ஊதி மூடுவது. படகு கிழிந்து தண்ணீர் நிறைந்தாலும் இந்தப் பைகள் அதை முழுக விடாது, விளிம்பு மட்டும் தெரிய மிதந்துகொண்டிருக்கும், பிடித்துக்கொண்டு எத்தனை நேரமும் கிடக்கலாம். திருநின்றவூர்ப் பக்கம் ஒரு கல்குவாரிக் குட்டையில் நாங்களே சோதித்துப் பார்த்தோம். வேண்டுமென்றே தண்ணீரை நிரப்பி, ஆளுக்கொரு பக்கம் தொங்கிக்கொண்டு, பதினேழு நிமிஷம். சற்குணத்துக்கு நீச்சல் வராது. ஐந்தாவது நிமிஷத்தில் அவன் பயம் போய், கால்களை ஆட்டிக்கொண்டு, நாளைக்கு மெட்டீரியல் டெலிவரிக்கு வருகிறவனை எப்படிச் சமாளிப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டான்.

"எவ்ளோ தூரம்ணா இன்னும்?"

"அதோ குச்சிங்க நட்டிருக்கு பாரு, வலை கட்டுற குச்சி. அதுக்குக் கொஞ்சம் தள்ளி."

"நான் சரியா போடுறேனா?"

"சரியாத்தான் போடுற. கையை மட்டும் தளர்த்திக்கோ."

அவள் துடுப்பு போடும் விதத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று காலைதான் முதல்முறையாகத் துடுப்பைத் தொடுகிறாள், பத்து நிமிஷம் கரையோரமாகச் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் வலது பக்கம் போட்டு முடித்ததும் ஒரு சின்ன நிறுத்தம், தோளை லேசாகத் தூக்கி, அப்புறம் இடது பக்கம். அது அவனுடைய நிறுத்தம். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒருவனோடு ஒரே வீட்டில் இருந்தால் தோள்கூட அவனைப்போல ஆகிவிடுமோ. அல்லது அவன் மொட்டைமாடியில் வெறும் மூங்கிலை வைத்துப் பழகியதைத் துணி காயப்போட வந்தவள் பார்த்திருப்பாள். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதே அந்தத் தோள் மறுபடி தூக்குகிறது, நிற்கிறது, இறங்குகிறது. கழுத்துக்குக் கீழே வியர்வை ரவிக்கையை நனைத்திருக்கிறது. ஈர முதுகு. நான் அவனைக் கடைசியாகப் பார்த்ததும் முதுகைத்தான்.

எடையைப் பற்றி யோசிக்காமல் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் போனால் திரும்ப முடியாது. ஆனால் துடுப்பின் ஒவ்வொரு வீச்சிலும் அதுவே வருகிறது, பத்தொன்பது கிலோ, பதினாலு, பதினொன்று நானூறு. எங்கள் இரண்டு பேரிடமும் பைக்தான். படகை மடித்துப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு வர வேண்டும், அதனால் எடை குறைய வேண்டும், அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் அதற்குக் காரணமே தேவைப்படவில்லை. சட்டங்களில் ஓட்டை போட்டோம். போல்ட்டுத் தலைகளை அரத்தில் ராவினேன். ஒரு கிராம் குறைந்தாலும் சற்குணத்துக்குப் போன் செய்வேன், வேலை நேரத்தில்கூட. எங்களைப்போல வீட்டில் படகு செய்கிறவர்கள் வாட்ஸாப் குழுவில் நாற்பது பேர் இருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பத்து கிலோ முந்நூறுக்குச் செய்து படம் போட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்துக்குக் கீழே இதுவரை யாரும் போனதில்லை. நான் போக வேண்டும். நாங்கள் என்றுகூட அன்று நினைக்கவில்லை, நான் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதே கரையில், மீன் ஏலம் போடும் இடத்தில் எடைத் தராசு இருந்தது. கொக்கியில் தொங்கவிடுவது, எண் சிவப்பாக ஓடும். புதுப் படகைத் தூக்கி மாட்டினோம். பத்து கிலோ தொள்ளாயிரம். சற்குணம், "பரவால்லடா, அடுத்த தடவை," என்றான். நான்தான் இரண்டு காற்றுப் பைகளையும் உருவி வெளியே எடுத்தேன். ஒன்பது கிலோ எண்ணூற்று அறுபது. "இது ஏமாத்து," என்று சிரித்தான், ஆனாலும் படகைப் பிடித்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நின்றான், நான் படம் எடுத்தேன். பைகள் தரையில் கிடந்தன, மஞ்சள் நிறத்தில், அவன் ஊதிய காற்றோடு. குழுவுக்கு அனுப்பும்போது அவை தெரியாமல் படத்தைக் கீழ்ப்பக்கம் வெட்டிவிட்டு அனுப்பினேன். அவன் ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று கிளம்பினான். பைகளை மறுபடி வைக்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன். இந்த வார்த்தைக்கு மேல் போகாமல் பதினாலு மாசம் நின்றிருக்கிறேன். மறதிக்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. எல்லோரும் அடுப்பை அணைக்க மறக்கிறார்கள், கதவைப் பூட்ட மறக்கிறார்கள்.

படம் போன உடனே பதில்கள் வர ஆரம்பித்தன. கட்டைவிரல், கைதட்டல், கோயம்புத்தூர்க்காரர் 'மிரட்டிட்டீங்க சார்' என்று எழுதினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு. பதினாறாவது கட்டைவிரலுக்கு நிமிர்ந்து பார்த்தபோது ஏரியில் நீலம் இல்லை. அன்றைய படகு நீலம். முதலில் வெயில் கூசுகிறது என்று நினைத்தேன். குச்சிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறான் என்று நினைத்தேன். கண்ணை மூடித் திறந்தால் இருக்கும் என்று மூடித் திறந்தேன். அப்புறம் ஓடினேன், கத்தினேன், வலைக்காரர்கள் படகு எடுத்தார்கள். தண்ணீருக்குள் ஒடிந்து நின்ற குச்சி ஒன்று துணியை ஒரு சாண் கிழித்திருந்தது. கடல் ஏரித் தண்ணீரை இழுக்கிற நேரம் அது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் சாயங்காலம் அவன் கிடைத்தான். லைஃப் ஜாக்கெட் தனியாக மிதந்து வந்தது. அதை அவன் எப்போதும் போட்டுக்கொள்ள மாட்டான், முதுகுக்கு அணையாக வைத்துக்கொள்வான். ஜாக்கெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று போலீஸ் சொன்னது, சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். காற்றுப் பை என்று ஒன்று உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. அவன் குடித்திருந்தானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார், நீச்சல் தெரியுமா என்று கேட்டார். அவர் கேட்காததை நான் சொல்லவில்லை. அந்த இரண்டு பைகள் இன்னும் என் வீட்டு பீரோவுக்குப் பின்னால் இருக்கின்றன. ஒன்று சுருங்கிவிட்டது. இன்னொன்றில் பாதிக் காற்று இருக்கிறது, அவன் நெஞ்சிலிருந்து வந்த காற்று. அதன் மூடியைத் திறக்கவும் எனக்குத் தைரியமில்லை, தூக்கிப்போடவும் தைரியமில்லை. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் அதன் மேல் கை வைத்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அழுத்திப் பார்த்திருக்கிறேன்.

"இங்கயாண்ணா?"

குச்சிகள் வந்துவிட்டன. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கிறது, எங்களைப் பார்த்தும் பறக்கவில்லை. துடுப்பைக் குறுக்கே வைத்துப் படகை நிறுத்தினேன். இங்கே தண்ணீர் நிறம் மாறுகிறது, பாசிப் பச்சை போய்க் கறுப்பு. ஆழம் ஒன்றரை ஆள் இருக்கும், அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் அவன் போனான்.

"இங்கதான்," என்றேன்.

பூவோ மாலையோ கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்தேன், ஒன்றுமில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டாள், மணிக்கட்டு வரை. அப்படியே வைத்திருந்தாள். எனக்கு அந்தக் கையை வெளியே எடு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கீழேயிருந்து யாராவது பிடித்துக்கொண்டால். பிடித்துக்கொண்டு, உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறானே, இவனைக் கேளு என்று சொன்னால்.

"மாமா உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு," என்றாள் ஹேமா. மாமா என்றால் சற்குணத்தின் அப்பா, பொன்னேரியில் இருக்கிறார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "அன்னிக்குக் காலையில நான் சண்டை போட்டு அனுப்பிச்சேன்னு."

"சொன்னாரு."

"சண்டை இல்லண்ணா. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணும். அவரு பேசவே இல்ல, டிபன் பாக்ஸைத் துடைச்சிட்டு இருந்தாரு. எங்க அக்கா பொண்ணுக்கு அன்னிக்கு நிச்சயதார்த்தம், வரேன்னு சொல்லிட்டு வரலைன்னா எனக்கு எப்படி இருக்கும். அந்தப் போட்டையே கட்டிக்கிட்டு அதுலயே போய்ச் சேருன்னு சொன்னேன். இதே வார்த்தை. மாமா ஹால்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு, கேட்டுட்டாரு." கையை இன்னும் எடுக்கவில்லை. "அந்தக் கோவத்துலதான் ஜாக்கெட்கூட போடாம போயிட்டான்னு சொல்றாரு. காரியத்தன்னிக்கே என்னை வெளிய அனுப்பிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாதுண்ணா. நானும் அதான் நினைக்கிறேன். ராத்திரியும் பகலும் அதான் நினைக்கிறேன். இங்க வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலாம்னு வந்தேன். வந்தா வாய் வரல."

காற்று எழும்பிப் படகை மெல்லத் திருப்பியது. காரியத்தன்று நான் அங்கே இருந்தேன். பெரியவர் அவள் பெட்டியை வாசலில் வைத்தபோது நான் வாழை இலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரித்துக்கொண்டே இருந்தேன், கட்டு முடிந்த பிறகும் கையை அசைத்துக்கொண்டிருந்தேன். அவள் தலையில் விழுவது என் பழி என்று அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே, அவளும் சண்டை போட்டாள்தானே என்று ஒரு குரல் எனக்குள் சொன்னது, நான் அதைச் சோறு ஊட்டி வளர்த்தேன்.

"அன்னிக்கு ரொம்பக் கோவமா இருந்தாராண்ணா? மறைக்காம சொல்லுங்க."

"இல்ல," என்றேன். "கோவமே இல்ல. சிரிச்சிட்டு இருந்தான்."

"எனக்காகச் சொல்லாதீங்க."

"போட்டோ இருக்கு. எடுக்கும்போது சிரிச்சிட்டு இருந்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் திரும்ப முடியாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள், ஈரக் கை, விரல் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போனை எடுத்தேன். குழுவுக்கு அனுப்பிய, வெட்டிய படம் இருக்கிறது. வெட்டாத படமும் இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒரு விரல் தள்ளினால் போதும். வெட்டியதைக் காட்டலாம். அதில் அவன் சிரிப்பு முழுசாக இருக்கிறது, அவளுக்கு அதுதான் வேண்டும், அதைப் பார்த்துவிட்டு அவள் ஊருக்குப் போகலாம். நான் திறந்து கொடுத்தது வெட்டாத படம். விரல் தவறியதா என்று இப்போது யாராவது கேட்டால், இல்லை.

ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் தலை குனிந்த பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள், அவன் முகத்தைத்தான். அவள் தோள் ஒருமுறை குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தேன், "மூக்கைப் பாரு, வெயில்ல சிவந்து," என்றாள் மெதுவாக, தனக்கே. அப்புறம் விரல் படத்தைக் கீழே நகர்த்தியது.

"இந்த மஞ்சளா கிடக்குதே, இது என்னண்ணா?"

"காத்துப் பை."

"எதுக்கு?"

"போட்டுக்குள்ள முன்னயும் பின்னயும் வைக்கிறது. கிழிஞ்சு தண்ணி வந்தாலும் முழுகாது. பிடிச்சிக்கிட்டு இருக்கலாம்."

"நீச்சல் தெரியாதவங்களும்?"

"தெரியாதவங்களும்."

நீர்க்காகம் பறந்துபோனது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் வெளிய கிடக்கு?"

"எடை குறைச்சுக் காட்டுறதுக்கு நான்தான் எடுத்தேன்."

"அப்புறம் உள்ள வெச்சீங்களா?"

"மறந்துட்டேன்," என்றேன்.

அந்த வார்த்தை முதல்முறையாக என் தலைக்கு வெளியே வந்து தண்ணீர்மேல் விழுந்தது. வெளியே வந்ததும் அது பொய் என்று எனக்கே கேட்டது. பதினாலு மாசமாக உள்ளே உருட்டி உருட்டி அதை மழமழவென்று ஆக்கி வைத்திருந்தேன், அதனால் எனக்குத் தெரியாமல் போனது. மறந்துட்டீங்களா என்று கேட்டிருந்தால்கூட ஆமாம் என்று சொல்லிக் கரைக்குப் போயிருப்பேன். ஹேமா அதைக் கேட்கவில்லை, துணிக்குக் கீழே ஏரி என் காலைத் தடவிக்கொண்டிருந்தது, எனக்கு அந்தக் காலை நேரம், அந்தப் படகின் முதல் அசைவு, அவன் ஈர முதுகு எல்லாம் வெட்டாமல் முழுசாக வந்தது.

"மறக்கல," என்றேன். "ஹேமா, மறக்கலம்மா. அவன் ஏறித் தள்ளிக்கிட்டுப் போகும்போது பை தரையில கிடந்ததை நான் பார்த்தேன். ஞாபகம் வந்துச்சு. கூப்பிடணும்னு வாயைத் திறந்தேன். போட்டு அவ்ளோ அழகாப் போச்சு. தண்ணி மேல இலை மாதிரி போச்சு. பையோட போனா அது பத்து கிலோ தொள்ளாயிரம். பை இல்லாம ஒரு சுத்து ஓடிட்டு வந்தாத்தான் ஒன்பது எண்ணூத்தி அறுபதுன்னு நான் சொன்னது பொய் இல்லாம ஆகும். அதுக்காக விட்டுட்டேன். ஒரு சுத்துதானேன்னு விட்டுட்டேன்."

படகு தானாக முகத்துவாரத்துப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது, நான் துடுப்பைத் தொடவில்லை.

"எத்தனை அடி போயிருந்தாரு?"

"பத்தடி. மிஞ்சினா பதினஞ்சு."

"கூப்பிட்டிருந்தா கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்."

அவள் போனை உறைக்குள் போட்டு மூடினாள். மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். துடுப்பை எடுத்து இடது பக்கம் மட்டும் போட்டாள், மறுபடி இடது பக்கம், படகின் மூக்கு கரையைப் பார்த்துத் திரும்பும்வரை. அப்புறம் இரண்டு பக்கமும். நானும் போட ஆரம்பித்தேன். "நீங்க போடாதீங்க," என்றாள். நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் எடையை அவள் ஒருத்தியாக இழுத்தாள். காற்று எதிரில் இருந்தது. நடுநடுவே நின்று மூச்சு வாங்கினாள், அப்போதெல்லாம் படகு பின்னுக்குப் போனது, மறுபடி போட்டாள். போன நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆனது திரும்ப. நான் சரக்கு மாதிரி உட்கார்ந்திருந்தேன். விசித்திரம், அந்த நேரம் முழுக்க நான் ஒருமுறைகூடப் பின்னால் கைவிட்டுப் பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. முழுகினால் முழுகட்டும் என்று தைரியம் வந்துவிடவில்லை. பயப்படுவதற்கு இடம் இல்லாமல் உள்ளே வேறு ஏதோ நிறைந்துவிட்டது. அவள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். போலீஸுக்குப் போவாள். என் மனைவியிடம் சொல்வாள். கரையில் இறங்கியதும் என்னை அடிப்பாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, அடி வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கிற புத்தி.

படகு சேற்றில் முட்டியது. அவள் இறங்கினாள், முழங்கால் வரை சேறு, நான் கை நீட்டவில்லை, நீட்டினாலும் பிடித்திருக்க மாட்டாள். கரையில் ஏறிப் புடவையைப் பிழிந்துவிட்டு என் போனை நீட்டினாள்.

"மாமாவுக்குப் போடுங்க."

"நேர்ல போய்ச் சொல்றேன்மா. சாயங்காலம் போறேன்."

"நான் கூப்பிட்டா எடுக்க மாட்டாரு. நீங்க கூப்பிட்டா எடுப்பாரு. போடுங்க."

போட்டேன். அவள் தள்ளிப் போகவில்லை, எதிரிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள், காலையிலிருந்து முதல்முறையாக. மூன்றாவது மணியில் பெரியவர் எடுத்தார். "தணிகாவா? சொல்லுப்பா. டிபன் ஆச்சா?" என்றார். என்னை அவர் எப்போதும் இப்படித்தான் விசாரிப்பார். பிணத்தைத் தூக்க நான் தோள் கொடுத்தேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். பொங்கலுக்கு எனக்கு வேட்டி எடுத்து அனுப்பினார்.

"அப்பா," என்றேன், "சற்குணம் அன்னிக்குக் கோவத்துல போகலப்பா. ஹேமா பேசினதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல," என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. தராசைச் சொன்னேன், பைகளைச் சொன்னேன், பைகள் எதற்கு என்று சொன்னேன், குவாரியில் பதினேழு நிமிஷம் தொங்கியதைச் சொன்னேன். போனுக்குள் ரயில் ஒன்று போகும் சத்தம் கேட்டது, அவர் வீட்டுக்குப் பின்னால்தான் லைன், அது போய் முடியும்வரை நிறுத்தினேன். அப்புறம் மீதியைச் சொன்னேன். "நான் கூப்பிட்டிருந்தா அவனுக்குக் கேட்டிருக்கும்ப்பா. நான் கூப்பிடல."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கட் ஆகிவிட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நிமிஷக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி வைத்தேன். ஹேமா கண்ணை எடுக்கவே இல்லை.

"அந்தப் பொண்ணு எங்க இருக்குதுன்னு தெரியுமா உனக்கு?" என்றார் பெரியவர். குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"பக்கத்துலதான் நிக்குது."

"போனை அதுகிட்டக் குடு."

கொடுத்தேன். அவள் காதில் வைத்துக்கொண்டு "மாமா" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை, கேட்டுக்கொண்டே சேற்றில் அப்படியே குந்தி உட்கார்ந்தாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தூரத்தில் நிற்கக்கூடாது என்று தோன்றி, ஏலம் போடும் கொட்டகை வரை நடந்துபோய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.